இறக்கை நிழலில் படுத்தவன்

அம்மாவின் தம்பி, என் மாமா, ஜெர்மன் சண்டை நடந்தபோது ஆகாயக் கப்பலுக்குச் சட்டை தைக்கப் போனவர். பதுளைக் கடைத்தெருவில் அப்படித்தான் சொன்னார்கள். அது பெரிய பொய்யும் இல்லை. அந்தக் காலத்து விமானம் என்பது மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துத் தைத்த துணியும்தான். அப்பாவின் ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த மாமாவைத் தோட்டத்துத் துரை ஒருவர் சிபாரிசு செய்து, சண்டை நடந்த அரபு தேசத்துப் பஸ்ராவுக்கு அனுப்பி வைத்தார்.

மாமா தனியாகப் போகவில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் விதவை ஒருத்தியின் ஒரே மகன் அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தான். அவனையும் அழைத்துக்கொண்டார். புறப்படும் அன்று அந்த அம்மாள் கடைக்கு வந்திருந்தாள்.

"ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன் அய்யா."

"என் கண்ணு முன்னாலதான் இருப்பான். நானே கொண்டாந்து விடுறேன். பயப்படாத ஆத்தா."

எனக்கு அப்போது ஏழு வயது. மாமாவின் கடிதங்களை அப்பா பகல் சாப்பாடு முடிந்ததும் உரக்க வாசிப்பார். ஒரு கடிதத்தில், இறக்கைத் துணியின் உட்பக்கம், யாருக்கும் தெரியாமல், சிவப்பு நூலால் என் பெயரைத் தைத்திருப்பதாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடிக்க முடியவில்லை. நமுனுகுல மலையின் உச்சி என் கால் விரலுக்குக் கீழே இருப்பதாகச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. சின்னக் கடிதம்.

'பட்டப்பகலில் எதிரியின் விமானங்கள் வந்து நெருப்பைப் போட்டுவிட்டன. எங்களுடையது ஒன்றுகூட எழும்பவில்லை. வரிசையாக நிறுத்தியிருந்தபடி தரையிலேயே எரிந்து போயின. என்னோடு வந்த தம்பி வெயிலுக்காக இறக்கை நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவே இல்லை.'

அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் ஓவென்று அழுதேன். என் பெயர் எரிந்து போயிற்றே! அம்மா என்னை இழுத்து அணைத்து, "பச்சப் புள்ளைக்குக்கூடத் தாங்கலயே" என்று சேர்ந்து அழுதாள்.

சண்டை ஓய்ந்து மாமா திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மிஷினைச் சாக்குப்போட்டு மூடிவிட்டு, உள்ளே உட்கார்ந்து துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்த செய்தி எப்படியோ மலையேறி, அந்த அம்மாள் இறங்கி வந்தாள். மாமாவே வந்து சொல்லட்டும் என்று அப்பா இருந்துவிட்டதால், தோட்டத்துக்கு அதுவரை ஒரு தகவலும் போகவில்லை.

"அவன் வேற முகாம்ல இருக்கான் ஆத்தா. அடுத்த கப்பல்ல வந்துருவான்" என்றார் மாமா. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த தடவை வந்தபோதும் அதையேதான் சொன்னார். மாமா உள்ளே வந்ததும் அம்மா சண்டை பிடித்தாள். "எத்தன கப்பலுக்குத்தான் அவ காத்திருப்பா?" மாமா தலையைக் குனிந்துகொண்டு, "நாக்கு வர மாட்டேங்குதுக்கா" என்றார்.

மூன்றாம் முறை அவள் வந்தது நல்ல மழையில். மழைக்கு அவள் தலையோடு போர்த்தியிருந்த கம்பளியைத் தூரத்தில் கண்டதுமே மாமா துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "நான் இல்லன்னு சொல்லு பாப்பா." அப்பா ஏதோ அரசாங்க வேலையாகக் கச்சேரிக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"மாமா இல்ல" என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்து, மடியிலிருந்து மூன்று கொய்யாப் பழங்களை எடுத்து என் கையில் கொடுத்தாள். கம்பளியிலிருந்து நீர் சொட்டியது.

"போனவங்க எல்லாம் வந்துட்டாங்களாமே. எம் புள்ள மட்டும் அங்க என்னா பாப்பா பண்றான்?"

பாவமாக இருந்தது. அதைவிட, எனக்கு விஷயம் தெரியும் என்ற பெருமை தொண்டைவரை வந்து நின்றது.

"அண்ணன் தூங்குறாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தூங்குறானா? இங்கயும் விடியக்காலம் வேலைக்குக் கூப்புட்டுப் பெரட்டுத் தப்பட்டை அடிச்சாலும் எந்திரிக்க மாட்டான். யாரு சொன்னா ஒனக்கு?"

"மாமா கடுதாசியில இருந்துச்சு. ஏரோப்பிளேன் எல்லாம் தரையிலயே எரிஞ்சு போச்சு. அண்ணன் எறக்கை நெழல்ல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தாரு. எழுந்திருக்கவே இல்ல."

அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. என் வாயையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு தாயி."

பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.

அவள் அழவில்லை. என் தலையை ஒருமுறை தடவினாள். எழுந்து, கம்பளியைப் படியிலேயே விட்டுவிட்டு, மழையில் விறுவிறுவென்று நடந்தாள். உள்ளே துணிக்கட்டுகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. மாமா வெளியே வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கம்பளியை எடுத்துக்கொண்டு, வெறுங்காலுடன், "ஆத்தா! ஆத்தா!" என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடினார். மகனை எழுப்பத்தான் அவள் இத்தனை அவசரமாகப் போகிறாள், மாமா வழி காட்டப் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மாலைதான் மாமா திரும்பினார். கால் முழுக்க அட்டைக்கடி. அம்மா வெந்நீர் ஊற்றினாள். என்னிடம் ஒருவரும் பேசவில்லை. ஒரு சொல் பிசகாமல், அதுவும் இரண்டு தடவை ஒப்பித்தேனே, கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று, மூன்றாவது கொய்யாவைக் கடித்தபடி மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.