நேர எல்லை இல்லாத அனுதாபம்

1. ஐந்து கோடுகள்

வடமராட்சியில் ஒரு பிரதேச சபையில் நான் முகாமைத்துவ உதவியாளர். சபைக் கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதும் கூட்டறிக்கை எழுதுவதும் என் வேலை. இனி அந்தக் கதிரையில் வந்து உட்காரப்போகிற பிள்ளைகளுக்காக, என் நாட்குறிப்பைப் பார்த்து இதை எழுதுகிறேன். நேரங்கள் சரியானவை. சபை மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடும். அதைக் கூட்டியே எழுதியிருக்கிறேன்.

புதிய சபை அமைந்த வருடம், கார்த்திகை மாதத்தில் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். இணையத்தளத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போடவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் ஒரு படிவம் தயாரித்தேன். பெயரும் வட்டாரமும், கல்வி, தொழில், சமூக ஈடுபாடு என்று நான்கு கேள்விகள். நான்காவதற்கு ஐந்து கோடுகள் விட்டேன்.

சிவபாதம் மாஸ்டர் ஓய்வுபெற்ற அதிபர், எதிரணி உறுப்பினர். ஐந்து கோடும் போதாமல் ஏழு தாள் இணைத்திருந்தார். பதினான்கு சங்கங்களுக்குத் தலைவராக இருந்திருக்கிறார்.

"சேர், இதிலை இரண்டு சங்கம் இப்ப இல்லையே" என்றேன்.

"சங்கம் இல்லாமல் போகலாம் பிள்ளை. நான் தலைவராய் இருந்தது இல்லாமல் போகுமே?"

ஏழு தாளையும் துளைபோட்டுக் கோவையில் கட்டினேன்.

தொண்டைமானாற்றுப் பக்கத்து உறுப்பினர் தேவராசா கடற்றொழிலாளி. கடற்றொழிலாளர் சங்கம், கோயில் என்று இரண்டு சொல் எழுதியிருந்தார். எந்தக் கோயில் என்று கேட்டேன். "எல்லாம்" என்றார். கிரேஸ் நேசரத்தினம் மிஷன் பாடசாலையில் படித்தவர், ஓய்வுபெற்ற மிட்வைஃப். அவர் மட்டும்தான் சிறிய எழுத்தில் ஐந்து கோட்டுக்குள் சரியாக எழுதித் தந்தார்.

ஆறாம் வட்டாரத்துத் தட்சணாமூர்த்தி வெங்காயம் செய்கிறவர். சொந்தமாக ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் அதன் பின்னால் கொழுவும் பெட்டியும் வைத்திருக்கிறார். நான்காம் கேள்விக்கு நேரே குறுக்குக் கோடு ஒன்று இழுத்திருந்தார்.

"அண்ணை, நாலாவது வெறுமையாக் கிடக்கு."

"ஓம் தங்கச்சி. அப்பிடி ஒண்டும் இல்லை."

"மரண உதவிச் சங்கத்திலை இருக்கிறியள்தானே?"

"அதிலை ஊரிலை எல்லாரும்தான் இருக்கினம். சாகாத ஆள் ஆர்?"

"வாசிகசாலைக்கு ஓடு ஏத்தினது?"

"அதை மாஸ்டர் தன்ரையிலை எழுதியிருப்பார். அங்கையே கிடக்கட்டும்."

எழுதித்தான் இருந்தார். மூன்றாம் தாளில்.

"மாஸ்டரோடை கோவமோ அண்ணை?"

"எனக்கென்ன கோவம்? மாஸ்டர் நல்லாக் கதைப்பார்."

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவருடைய படிவத்தை முடிவுறாதவை என்று எழுதிய கோவையில் வைத்தேன். அதில் அது ஒன்றுதான் இருந்தது.

2. சுடலை ஒழுங்கை

தட்சணாமூர்த்தி சபைக்கு வந்தது ஒரேயொரு வேலைக்காக. ஆறாம் வட்டாரத்தில் பிரதான வீதியிலிருந்து சுடலைக்கு ஓர் ஒழுங்கை போகிறது. இரு பக்கமும் வெங்காயத் தோட்டம். ஒரு பக்கத்தில் வெள்ளவாய்க்கால். மாரியில் வாய்க்காலும் ஒழுங்கையும் ஒரே தண்ணீராகிவிடும். எது தரை, எது வாய்க்கால் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. பிரேத வண்டி பிரதான வீதியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தட்சணாமூர்த்தியின் லான்ட்மாஸ்டர் பெட்டியில்தான் பிரேதம் போகவேண்டும். தண்ணீருக்குள் பாதை எந்த இடத்தில் வளைகிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு மாரியில் அவருக்குக் காய்ச்சல். வேறொருவர் ஓட்டினார். பெட்டி வாய்க்காலுக்குள் சரிந்தது, பிரேதத்தோடு. அந்த ஊரில் அதைப்பற்றி யாரும் கதைப்பதில்லை. எனக்கு அதைத் தனித்தனியாக மூன்று பேர் சொன்னார்கள். மூவரும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள்.

ஒழுங்கையை உயர்த்தி ஒரு மதகு போடவேண்டும் என்று தட்சணாமூர்த்தி பிரேரணை கொடுத்திருந்தார். அது மார்கழிக் கூட்ட நிரலில் வந்தது. அந்தக் கூட்டத்தில் நிறைவேறினால் அடுத்த வருட வேலைத்திட்டத்தில் சேரும். தவறினால் திட்டம் மூடப்படும். ஒழுங்கை இன்னொரு மாரிக்கு அப்படியே கிடக்கும்.

3. தொலைபேசி எழுத்து அல்ல

கூட்டநாள் காலை 9.12க்கு, மேசைகளில் நிரலை வைத்துக்கொண்டிருந்தபோது தட்சணாமூர்த்தி போன் எடுத்தார்.

"தங்கச்சி, எங்கடை அன்னம்மாக்கா நேற்றுப் பின்னேரம் செத்துப்போனா. வெளிநாட்டிலை இருந்து வர ஆக்கள் இல்லை. இண்டைக்குப் பத்தரைக்கு எடுக்கினம்."

"அண்ணை, உங்கடை பிரேரணை இண்டைக்கு."

"தெரியும். ஒழுங்கையிலை தொடையளவு தண்ணி. வேறை ஆரும் ஓட்டேலாது. கொண்டுபோய் விட்டிட்டு வாறன். பன்னிரண்டு ஆகும்."

"பத்தேமுக்காலுக்கு உங்கடை பேரைக் கூப்பிட்டிடுவினம். ஆள் இல்லாட்டிப் பிரேரணை விழுந்திடும்."

பின்னால் மழையும் பறையும் கேட்டன.

"அவவைத் தண்ணிக்குள்ளை விடேலாது தங்கச்சி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் போய்ச் சொன்னபோது உறுப்பினர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

தவிசாளர் கேட்டார்: "மிஸ், அவருக்காக வேறை ஆரும் முன்மொழியலாமோ?"

"அவர் எழுத்திலை அதிகாரம் தந்தால் முன்மொழியலாம் சேர்."

"போனிலை சொல்லுவார்தானே."

"போன் எழுத்து இல்லை."

"வட்சப்பிலை ஒரு வரி?"

"கையெழுத்து வேணும்."

தேவராசா கோப்பையை வைத்தார். "மிஸ்ஸுக்கு மனச்சாட்சி இருக்கோ, இல்லாட்டிச் சட்டப் புத்தகம் மட்டும்தானோ?"

"இரண்டும் இருக்கு. கையிலை இருக்கிறது புத்தகம்" என்றேன்.

நான் சொன்னது சரியான விதி. அதைச் சொன்னபின் எவரும் என் பக்கம் பார்க்கவில்லை என்பதும் சரி.

"அப்ப அந்தப் பிரேரணையை நிரலிலை கடைசிக்குத் தள்ளுங்கோவன்" என்றார் கிரேஸ் அம்மா.

தவிசாளர் தலையாட்டவில்லை. ஆவணிக் கூட்டத்தில் அவர் ஒரு விடயத்தை மேலும் கீழுமாக மாற்றியிருந்தார். நிரலை மாற்றத் தவிசாளருக்கு அதிகாரம் இல்லை என்று சிவபாதம் மாஸ்டர் மேலிடத்துக்கு நான்கு பக்க முறைப்பாடு எழுதினார். தவிசாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

"நான் இனி நிரலிலை கை வைக்கமாட்டன்" என்றார் தவிசாளர். "தட்சணாமூர்த்தி கேட்டால் மாஸ்டரைக் கேக்கச் சொல்லுங்கோ."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் பதில் சொல்லாமல் விட்டது அதுவே முதல் தடவை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஆக, ஒரு கதவை அவருடைய முறைப்பாடு மூடியிருந்தது. மற்றதை நான் மூடினேன்.

4. அரிசி

கூட்டம் 9.41க்குத் தொடங்கியது. நிரலில் முதலாவது வரவு. இரண்டாவது அனுதாபம். எங்கள் சபையில் இது நெடுநாள் வழக்கம். வட்டாரத்தில் யாராவது காலமானால் உறுப்பினர்கள் எழுந்து இரண்டொரு வார்த்தை பேசுவார்கள். பிறகு எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம்.

வரவுப் பதிவேடு சுற்றிவந்தபோது மாஸ்டர் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, அனுதாபத்துக்கு நேர எல்லை இருக்கோ?"

"பிரேரணைக்கு ஐஞ்சு நிமிசம் சேர். அனுதாபத்துக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"வடிவாப் பாத்தனியோ?"

"இருபது வருசமாப் பாக்கிறன்."

அவர் திரும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். தேவராசாவிடம் குனிந்து, செத்தவவின் புருசன் பெயர் என்ன என்று கேட்டார். பிறகு எழுந்தார். நேரம் 9.50.

"கௌரவ தவிசாளர் அவர்களே, அன்னம்மா என்ற பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். அன்னம் என்றால் சோறு."

சோற்றிலிருந்து அரிசிக்குப் போனார். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என்று நெல்லினங்களைச் சொன்னார். குத்தரிசி, தீட்டலரிசி வேறுபாட்டைச் சொன்னார். அரிசியில் மட்டும் இருபத்தொரு நிமிடம் நின்றார். பிறகு கிணறு. பிறகு நிலையாமை. அன்னம்மாவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. முதல் அரைமணி நேரம் எல்லோரும் வழக்கமான அலுப்போடு இருந்தார்கள். 10.20 அளவில் கிரேஸ் அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்தார், தன் கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி எடுத்துக் குறிப்பு எழுதத் தொடங்கினார். தேவராசாவுக்கும் விளங்கிவிட்டது. மாஸ்டருடைய கட்சிக்காரர் ஒருவருக்கு மட்டும் விளங்கவில்லை.

"மாஸ்டர், கொஞ்சம் சுருக்கமா."

"ஒரு தாயின் வாழ்க்கையைச் சுருக்கச் சொல்லுறியளோ?"

கட்சிக்காரர் உட்கார்ந்துவிட்டார். தேவராசா அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் "ஓ" என்றார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. கூட்டறிக்கையில் நான் அதைச் சேர்க்கவில்லை.

மாஸ்டர் 10.57க்குக் கதிரையில் இருந்தார். போட்டிருந்த சேட்டு முதுகில் வியர்த்து நனைந்திருந்தது.

அடுத்துக் கிரேஸ் அம்மா. அவருக்கு அன்னம்மாவை உண்மையாகவே தெரியும். "அவவின்ரை மகனை நான்தான் கையிலை எடுத்தன். அதுவும் மாரி. வீடு அந்த ஒழுங்கை முகப்பிலைதான். சைக்கிளைத் தோளிலை தூக்கிக்கொண்டு தண்ணிக்குள்ளாலை போனன். அண்டைக்கும் இந்தச் சபை இருந்தது" என்றார். அவர் பதினெட்டு நிமிடம் பேசினார். அதில் ஒன்றும் கூடுதலாக இல்லை.

தேவராசா சபையில் அதுவரை எழுந்து பேசியதில்லை. "நான் அவவுக்கு மீன் வித்தனான். ஒருநாளும் சொன்ன விலைக்கு வாங்கினதில்லை" என்று தொடங்கினார். பிறகு ஒட்டி மீனில் தொடங்கி ஒவ்வொரு மீனாக எடுத்து, தான் சொன்ன விலை, அவ கேட்ட விலை, கடைசியில் கொடுத்த விலை என்று சொல்லிக்கொண்டு போனார். திரளி மீனுக்கு வந்தபோது தவிசாளர் சிரித்துவிட்டார். அதன்பின் எல்லாக் கட்சிகளிலிருந்தும் நான்கு பேர் பேசினார்கள். அவர்களில் ஒருவர் ஒரே விடயத்தை மூன்று தடவை சொன்னார்.

பேச ஆள் தீர்ந்தபோது 11.56. தவிசாளர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. வேறு வழியின்றி, "இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம்" என்றார்.

5. மௌனத்தில் ஒருவர் வந்தார்

எழுந்து நின்று ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. தட்சணாமூர்த்தி. உடுத்திருந்த சாறம் தொடைவரை நனைந்திருந்தது. காலில் சேறு. எல்லோரும் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு, தானும் வாசலிலேயே கைகட்டி நின்றார். பிறகு, பக்கத்தில் நின்ற என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஆர் தங்கச்சி செத்தது?"

"உங்கடை அன்னம்மாக்காதான்."

அவர் யோசித்தார். "அவவை இப்பதானே விட்டிட்டு வாறன்."

கடந்த கூட்டறிக்கையை உறுதிப்படுத்தவும் அறிவித்தல்களுக்கும் வழக்கமாக முக்கால் மணி நேரம் போகும். அன்று ஏழு நிமிடம். 12.05க்குத் தட்சணாமூர்த்தியின் பெயர் கூப்பிடப்பட்டது. அவர் எழுந்தார்.

"அந்த ஒழுங்கையை உயர்த்தி மதகு ஒண்டு போடவேணும். இண்டைக்கும் தண்ணியிலைதான் கொண்டுபோனம். அவ்வளவுதான்."

யார் வழிமொழிவது என்று தவிசாளர் கேட்டார். சிவபாதம் மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"வழிமொழிகிறேன்."

மிச்சத்தை எழுத நான் பேனாவோடு காத்திருந்தேன். மிச்சம் வரவில்லை. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்து வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த தட்சணாமூர்த்தி, "நல்ல காலம், இண்டைக்குக் கூட்டம் பிந்தித் தொடங்கியிருக்கு" என்றார்.

"இல்லை அண்ணை. ஒன்பது நாற்பத்தொண்டுக்குத் தொடங்கினது."

"இவ்வளவு நேரமும் என்ன செய்தனியள்?"

"மாஸ்டர் கதைச்சவர்."

"என்னத்தை?"

"அரிசி."

யன்னலருகே மாஸ்டர் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். தட்சணாமூர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டப் போகவில்லை. கையெழுத்தின் மேல் அவருடைய நனைந்த சேட்டுக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒற்றுத்தாள் எடுத்து ஒற்றினேன்.

கூட்டறிக்கையில் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு வாக்கியம்: "அமரர் அன்னம்மாவின் மறைவுக்கு உறுப்பினர்கள் அனுதாபம் தெரிவித்தனர்." மதகு அடுத்த மாரிக்கு முன்னர் கட்டி முடிந்தது.

6. திருத்திய படிவம்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விதியை வளைக்காதீர்கள். ஆனால் விதி எங்கே ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பதையும் அதே கவனத்தோடு படித்து வையுங்கள். யாராவது வந்து கேட்பார்கள்.

மற்றது, ஒருவருடைய சமூக ஈடுபாட்டை அவரிடமே கேட்காதீர்கள். நான் தை மாதத்தில் படிவத்தை மாற்றினேன். முதல் மூன்று கேள்விக்கும் உறுப்பினரே பதில் எழுதலாம். நான்காவதை மண்டபத்தில் அவருக்கு எதிர்க்கதிரையில் இருப்பவர் எழுதவேண்டும். ஐந்து கோடுதான். இணைப்புத்தாள் இல்லை. தட்சணாமூர்த்திக்கு எதிர்க்கதிரை சிவபாதம் மாஸ்டருடையது.

மாஸ்டர் அன்றைக்கே எழுதித் தந்தார். ஒரு வரி: "தண்ணீருக்கு அடியில் பாதை எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்."

தட்சணாமூர்த்தி மாஸ்டருடைய படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது நான்கு கோடு வெறுமையாக இருந்தது. முதற்கோட்டில், அழுத்தி எழுதிய எழுத்தில்: "நல்லாக் கதைப்பார்."

செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதை இணையத்தளத்திலை போடலாமோ? மாஸ்டர் முறைப்பாடு எழுதமாட்டாரோ?" என்றார்.

"அவரிட்டைக் காட்டினனான் சேர். ஒரு எழுத்தும் மாத்தவேண்டாம் எண்டவர்."

"அந்த ஏழு தாள்?"

"திருப்பி வாங்கிக்கொண்டு போயிட்டார்."