சரோஜம்மாவின் குதிகால்

ஓசூருக்கு வந்த புதிதில் 'மண்ட்ட' என்ற ஒரு சொல் என்னை ஏமாற்றிவிட்டது. கெலமங்கலம் சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம் அது. சரோஜம்மா தேன்கனிக்கோட்டையில் டீச்சராக இருந்தவர். தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு வாயில் தெலுங்கு மட்டுமே வருகிறது. கண்ணை இறுக்கிக்கொண்டு "மண்ட்ட, மண்ட்ட" என்றார். மண்டை வலிக்கிறதாக்கும் என்று நெற்றியில் தைலம் தேய்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னோடு வேலை பார்க்கும் மஞ்சுளா வந்து போர்வையை விலக்கினாள். இடது குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "எரியுதுன்னு சொல்றாங்கக்கா. தெலுங்குல மண்ட்டன்னா எரிச்சல்."

கணவரின் தொழிற்சாலை வேலைக்காகப் பரமக்குடியிலிருந்து வந்தவள் நான். மாநில எல்லையைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் ஊரில் இருப்பவர்களிடம் இதை வேறு தேசம் என்றுதான் சொல்வேன். மஞ்சுளா காய்கறிக்காரரிடம் கன்னடம் பேசுவாள், நர்ஸிடம் தமிழ், சரோஜம்மாவிடம் தெலுங்கு. எனக்குத் தெரிந்தது ஒரே மொழி. அதைப் பேசினாலும் "எந்த ஊருங்க நீங்க?" என்று சிரிக்கிறார்கள். மலம் அள்ளுவதும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பதும் எனக்கும் உண்டு. ஆனால் மஞ்சுளா வாசலில் தலைகாட்டினால் போதும், சரோஜம்மாவின் பாதி முகம் மலரும். "பங்காரு" என்பார். தங்கமே என்று அர்த்தம். என்னை அவர் எந்தப் பெயர் சொல்லியும் அழைத்ததில்லை.

இதே வயிற்றெரிச்சல் எனக்கு ஊரிலும் இருந்தது. சர்க்கரை நோயால் அம்மாவுக்குக் காலில் புண். அண்ணன் மனைவிதான் கட்டு மாற்றுகிறாள். "உன் மதினி கை பட்டா வலியே தெரியலத்தா" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம், ஊரார் புண்ணைத் துடைக்கும் என் கையைப் பார்த்துக்கொள்வேன்.

குதிகால் புண்ணுக்கு நானும் மஞ்சுளாவும் வாரம் மாற்றி வாரம் கட்டுப் போட்டோம். அது அவளுடைய வாரம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று திங்கட்கிழமை கட்டு மாற்றாமலே ஓடிவிட்டாள். செவ்வாய்க்கிழமை நான் சரோஜம்மாவைப் புரட்டியபோது கட்டு மஞ்சளாக நனைந்திருந்தது. நாற்றம் வேறு. "மண்ட்ட" என்றார். இப்போது எனக்கு அந்தச் சொல் தெரியும். நர்ஸ் நான்கு அறை தள்ளித்தான் இருந்தார். மஞ்சுளா மாட்டட்டும் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

மறுநாளும் அவள் வரவில்லை, நானும் நர்ஸிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து சரோஜம்மாவின் மகன் வந்தார். அவர்தான் கட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே சதை கறுத்திருந்தது. கையோடு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "தப்பு என்னுதுதான் சார், லீவ் போட்டப்ப யார்கிட்டயும் சொல்லாமப் போயிட்டேன்" என்று மஞ்சுளா அழுதாள். நான் ஆசைப்பட்ட காட்சி அதுதான். ஆனால் நின்று பார்க்க முடியவில்லை.

"நான் செவ்வாக்கெழமையே பாத்தேன் சார். வேணும்னேதான் சொல்லல."

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டார். "ஏம்மா?"

ஒரு கிழவி என்னைத் தங்கமே என்று கூப்பிடவில்லை என்று சொல்வதா?

வெளியே வந்ததும் மஞ்சுளா கேட்டாள்: "என்மேல கோவம்னா என்னை நாலு அடி அடிச்சிருக்கலாம்லக்கா. அவங்க காலு என்ன பண்ணுச்சு உனக்கு?" பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை.

கறுத்த சதையை வெட்டி எடுத்து, பத்து நாளில் சரோஜம்மா திரும்பி வந்தார். மஞ்சுளாவைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். நர்ஸ் கூட நிற்காமல் கட்டைத் தொடக்கூடாது. ஆனால் சரோஜம்மா எனக்கே எனக்கென்று ஆகிவிட்டார். தினமும் காலையில் "மஞ்சுளா ஏதி?" என்று கேட்கிறார். மஞ்சுளா எங்கே என்று.

நேற்றுக் கட்டு முடிந்து நர்ஸ் போனதும் அம்மா அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, சரோஜம்மாவின் கெண்டைக்கால் அடியில் தலையணையைச் செருகினேன்.

"இப்ப எரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லத்தா. மதினி இப்பத்தான் கட்டு மாத்துனா" என்றது போன்.

"லேதம்மா" என்றார் சரோஜம்மாவும், வாசலைப் பார்த்தபடி. "மஞ்சுளா ஏதி?"

யாரைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கையில் அந்தக் காலின் கனம் இருந்தது. இன்னொரு கை போனை நோக்கி நீண்டு, எட்டாமல் நின்றது.