கழுத்தில்லாத மயிலும் ஒரு நஷ்டஈட்டு வழக்கும்

வக்கீல் பேசுவதற்கு பீஸ் வாங்குகிறார். அவர் பேசாத நாட்களுக்கெல்லாம் கட்சிக்காரருக்குப் பதில் சொல்வது குமாஸ்தாவின் வேலை. கோர்ட்டு வராந்தாவில் சுவரோடு சுவராகச் சாய்ந்து, முதுகில் சுண்ணாம்போடு வீட்டுக்குத் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இருக்கிறவர்களுக்காக, யுத்த காலத்தில் நாமக்கல்லில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது நடத்திய ஒரு லாரி வழக்கைச் சொல்கிறேன்.

நம்பர்

சடையக் கவுண்டர் கொல்லிமலையில் தேவனூர் நாட்டுக்காரர். சந்தைக்கு மிளகு மூட்டையோடு இறங்கி வந்தவர், காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறார். சரிவில் வந்த லாரி ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, அவருடைய வலது காலில் ஏறி, மரத்தில் உரசி, கூட்டம் சேர்வதற்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார். காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அது மடங்கவில்லை, ஊன்றவும் முடியவில்லை.

நாலு பங்காளிகள் தூளி கட்டித் தூக்கி வந்து அவரை எங்கள் ஆபீசில் இறக்கினார்கள். கூட அவர் மனைவி வெள்ளையம்மாள்; அன்று சந்தைக்கும் அவரோடு இறங்கி வந்தவர். யார் மேல் வழக்குப் போடுவது என்று வக்கீல் கேட்டார். லாரி நம்பரை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் படிக்கத் தெரியவில்லை. நான் காகிதக் கட்டை மூடப் போன சமயம், அதுவரை சுவரைப் பார்த்து நின்றிருந்த வெள்ளையம்மாள் பேசினார்.

"எண்ணு தெரியாதுங்க. பின்னால பலகையில மயிலு எழுதியிருந்துச்சு. பலகை நசுங்கி மயிலுக்குக் கழுத்து இல்லீங்க."

மயில் வேட்டை

கழுத்தில்லாத மயிலைத் தேடி, அந்தப் பக்கத்து லாரிகளெல்லாம் கூடும் சேலத்துக்கு நான் போனேன். மூன்று நாள், லாரிகள் நிற்கும் இடங்களிலெல்லாம் பின்பக்கமாகவே நடந்தேன். சேலத்தில் அப்போது மயில், தாமரை, சிங்கம், காந்தி எல்லாம் லாரிகளின் முதுகில் இருந்தார்கள். அனைவருக்கும் கழுத்தும் இருந்தது. என் நடமாட்டத்தைப் பார்த்து, டயர் திருடுகிறவன் என்று ஒருவர் என்னைப் பிடித்தும் வைத்தார்.

மூன்றாம் நாள் ஒரு ரிப்பேர் கொட்டகையில் மயில் அகப்பட்டது. பெட்ரோல் கிடைக்காத காலம். கரிப் புகையில் ஓடுவதற்காகப் பக்கவாட்டில் கரி அடுப்பு கட்டிய லாரி. கழுத்து இருக்க வேண்டிய இடம் உள்ளே போயிருந்தது. நம்பரை எழுதிக்கொண்டு முதலாளி பெயரை விசாரித்து நோட்டீஸ் அனுப்பினோம். அன்றைய தினம் தன் லாரி ரிப்பேரில் இருந்ததாகவும், காளப்பநாயக்கன்பட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்றும் பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை மேஸ்திரியிடம் திரும்பப் போய், அந்த வண்டி எந்தெந்த நாள் ரிப்பேரில் இருந்தது என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அது எல்லா நாளும் ரிப்பேருதானுங்க. அப்படியேதான் ஓடுதுங்க" என்றார்.

வாய்தா

வழக்குப் பதிவானது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அது தீர்ந்ததும் எங்கள் வக்கீலுக்குக் காய்ச்சல். பிறகு முதலாளி வெளியூர். பிறகு கோடை விடுமுறை. ஒவ்வொரு தடவையும் சடையக் கவுண்டர் முதல் நாளே மலையிலிருந்து தூளியில் இறங்கி, அடிவாரத்தில் தங்கி, மறுநாள் மாட்டு வண்டியில் நாமக்கல் வந்து சேருவார். பெயரைக் கூப்பிடுவார்கள். வேறு தேதி சொல்வார்கள். கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் அந்த வண்டி சத்தம் கேட்டாலே பின் கதவு ஞாபகம் வரும்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, தூளி தூக்குகிற பங்காளிகளில் மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங்க சாமி, வாய்தா வாய்தான்னு வருசமெல்லாம் வருதே, இது எந்தச் சாமிக்குச் செய்யற நோம்பிங்க?"

வருமானம்

நஷ்டம் இவ்வளவு என்று கேட்க வேண்டுமானால், வருமானம் இவ்வளவு என்று காட்ட வேண்டும். ஒரு மத்தியானம் வக்கீல் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "வருஷத்துக்கு என்ன சம்பாதிக்கிறீர்?" என்றார். "சம்பாரிக்கிறதில்லீங்க. வெள்ளாமை பண்ணித் திங்கறமுங்க" என்றார் கவுண்டர். சாமை, ராகி விளையும். மிளகும் பலாவும் விற்று உப்பும் துணியும் வாங்குவார்கள். விற்றது எவ்வளவு என்றால், போன வருஷம் வாங்கிய உப்பைக் காட்டினார் கைகளால்.

வக்கீல் வேறு வழியில் வந்தார். "சரி, கால் போனதால் எந்த வேலை செய்ய முடியவில்லை?" கவுண்டர் யோசித்தார். மிளகு பறிக்க மரம் ஏற முடியாது. ஏர் பிடிக்க முடியாது. சந்தைக்கு இறங்க முடியாது. ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நான் எழுதிக்கொண்டே வந்தேன்.  வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தக் கேள்விக்கு இவ்வளவு நேரமா என்பதுபோல எங்களைப் பார்த்தார்.

"வேலை செய்யறது பொறவுங்க. எங்க காட்டுச் சரிவுல சும்மா நிக்கறதுக்கே ரெண்டு காலு வேணுமுங்க."



டிரைவர்

விசாரணை தொடங்கிய நாளில், வராந்தாவில் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ உறவு என்று நினைத்தேன். இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் லாரி டிரைவர், முதலாளி தரப்பு சாட்சி. இவரோடு பேசக்கூடாது என்று கவுண்டரிடம் சொன்னேன். "அவரும் ரெண்டு வாட்டி வந்து திரும்பிப் போயிருக்காருங்க" என்று அவருக்காகவே பரிந்தார்.

கூண்டில் ஏறி, லாரி அன்று கொட்டகையில் இருந்தது என்று டிரைவர் ஒப்பித்தார். இறங்கி வந்தவர் நேரே கவுண்டரிடம் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு மூன்று குழந்தைகள்; வேலையை விட முடியாது.

"பிரேக் இல்லீன்னு மொதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேனுங்க. உங்ககிட்டச் சொல்லத்தான் நேரமில்லாமப் போச்சுங்க."

கட்டைவிரல்

கடைசியில் முதலாளி தரப்பு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டியது. லாரியால் பட்ட காயத்துக்கு முழுத் திருப்தியாகப் பணம் பெற்றுக்கொண்டேன், இனி எந்த பாத்தியமும் இல்லை என்று சடையக் கவுண்டர் சேலத்து ஆபீசுக்கு நேரில் வந்து எழுதிக் கொடுத்ததாகச் சொன்னது அந்தக் காகிதம். கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. எங்கள் வக்கீலின் முகம் வெளுத்தது. கட்சிக்காரர் மறுத்துவிட்டால் சமாளிக்கலாம் என்று, இல்லை என்று சொல்லும்படி நான் கண்ணால் ஜாடை காட்டினேன். இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கவுண்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னுதுதானுங்க" என்றார். எதிர்த் தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வழக்கை விசாரித்த முன்சீப்தான் விடவில்லை. எப்போது வைத்தது என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில படுத்திருக்கச்ச ஒருத்தரு வந்தாருங்க. மருந்துக்குன்னு வெரலைப் புடிச்சு வெச்சாரு. பணம் ஒண்ணும் தரலீங்க." முன்சீப் ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரை வரவழைத்தார். காகிதத்தில் இருந்த தேதியில் கவுண்டர் மாவுக்கட்டோடு படுக்கையில் இருந்தார். விபத்து நாளில் கொட்டகையை விட்டு நகராத லாரி ஒருவருக்குக் காயத்தை உண்டாக்கியதும், அதற்கு முதலாளி பணம் கொடுத்ததும் எப்படி என்று முன்சீப் கேட்டார்.  பொய் சொல்ல வந்தவன் முதலில் ரேகையைத்தான் மறுத்திருப்பான் என்று தீர்ப்பில் எழுதினார். கேட்டதில் பாதிக்கு மேல் டிக்ரி ஆயிற்று.

 ஆபீசுக்குத் திரும்பும்போது வக்கீல் சொன்னார்: "இருபது வருஷமாகக் கட்சிக்காரர்களுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன், குமாஸ்தா. உண்மையைச் சொல் என்று சொல்ல மட்டும் தோன்றவே இல்லை."

வசூல்

முதலாளி அசையவில்லை. லாரியை ஜப்தி செய்யக் கோர்ட்டு அமீனா போய் அதன் முன்னால் நின்றதும் பணம் வந்தது. கவுண்டர் அதை எங்கள் ஆபீசிலேயே வாங்கினார். முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல எதுவும் இல்லை. காலைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்த பலாப் பருவத்தில் ஒரு மட்டக்குதிரை எங்கள் வாசலில் வந்து நின்றது. மேலே சடையக் கவுண்டர், மடங்காத காலை நீட்டியபடி. பின்னால் இரண்டு பலாப்பழத்தோடு வெள்ளையம்மாள். டிக்ரிப் பணத்தில் வாங்கியதாம், மலை மேல் மூட்டை ஏற்றுகிற குதிரையாம். இப்போது காட்டுக்கும் சந்தைக்கும் அவரே போய் வருகிறாராம். பங்காளிகளின் தோளுக்கு விடுதலை.

"ஒரு காலை எடுத்துக்கிட்டு நாலு காலு குடுத்திருக்காங்க" என்றார் கவுண்டர். வழக்கு தொடங்கியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளையம்மாள் பழத்தை இறக்கி வைத்தார். "நாலும் எங்க ஊட்டுக் கொள்ளுப் பயறத்தான் திங்குதுங்க."

சட்டம் கட்டாயம் வந்து சேரும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதுவரை உயிரோடு இருப்பது மட்டும் கட்சிக்காரரின் பொறுப்பு.