மதுக்கடைச் சுவரோரம்

நான் குடிப்பவனல்ல. இதை முதலிலேயே சொல்லவேண்டியிருப்பதே எனக்குக் கேவலமாக இருக்கிறது. இந்த மலையாள ஊரில், பழவங்காடியில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன்; வீடு ஸ்ரீவராகத்தில். கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மதுக்கடை. அதை அங்கிருந்து எடுக்கவேண்டும் என்று தெருக்காரர்களைத் திரட்டியவன் நான்தான். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, பெண்டாட்டி பிள்ளை இல்லையா உங்களுக்கெல்லாம் என்று உரக்கவே கேட்டுக்கொண்டு போவேன். மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும் என்று அப்போது யோசிக்கவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே நினைவு தப்பி விழுந்தேன். தலை சுற்றவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. கரண்ட் போனதுபோல் ஆயிற்று. கண் திறந்தபோது வேட்டி சேறாகி விலகிக் கிடந்தது. சுற்றிலும் சிரிப்பு. வரிசையில் நின்ற ஒருவர்தான் தன் இடத்தை விட்டு வந்து, என்னைச் சுவரில் சாய்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாமி, இன்னிக்கு இது மதி. வீட்டுக்குப் போ."

இன்றைக்குக் குடித்தது போதும் என்கிறார். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள். நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன். மழையில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

பிறகு இருமலும் மூச்சிரைப்பும் வந்தன. டிபியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட டாக்டர்கள் கடைசியில் சார்காய்டோசிஸ் என்றார்கள். உடம்புக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் கட்டிகளாக வீக்கம் வருகிற நோய். எனக்கு அது இதயத்துக்கும் போயிருந்தது. இதய ஸ்கேனுக்கு முந்தின நாள் சோறும் சர்க்கரையும் ஆகாது, கொழுப்பாகத்தான் சாப்பிடவேண்டும் என்றார்கள். மனைவி பன்னீரை நெய்யில் வறுத்துத் தட்டு நிறையப் போட்டாள். "கல்யாணத்துல கூட இவ்வளவு நெய் விடலை" என்றேன். அந்த நாட்களில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போது மட்டும்தான்.

ரிப்போர்ட்டுகளோடு இதய டாக்டரின் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவர் மலையாளி, எங்களைப் போன்ற தமிழர்களிடம் தமிழ் கலந்து பேசுவார். இந்த நோயில் இதயம் திடீரென்று தாளம் தவறி, ஆள் நின்ற இடத்திலேயே போய்விடுவதுண்டு என்றார். அந்த ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களுக்குத் தோளெலும்புக்குக் கீழே ஷாக் கொடுக்கும் கருவி வைப்பார்களாம். என் இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறையவில்லை. அதில் தழும்பு இருக்கிறது, ஆனால் சிறியது. நாள் முழுக்க மார்பில் ஒட்டி எடுத்த ஈசிஜியிலும் பயப்படும்படி ஒன்றுமில்லை. இப்போதைக்கு மாத்திரையோடு கவனித்துவரலாம், ஆனால் ஒன்று மட்டும் இருந்தால் எல்லாம் மாறிவிடும் என்றார்.

"எப்பவாவது போதம் போய் விழுந்துட்டுண்டோ?"

நினைவு தப்பியதுண்டா என்கிறார். உண்டு என்றால், எங்கே என்பார். சாவைவிட அந்த அடுத்த கேள்விக்குத்தான் பயந்தேன். இல்லை என்றேன். டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவளும் இல்லை என்றாள்.

பாவம், அவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தி. மருந்து வாங்கும் இடத்தில் நிற்கும்போது, அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தக் கடை வாசல்ல குடிச்சுட்டு விழுந்தேள்னு அன்னிக்கே தெருக்காரா ஆத்துல வந்து சொல்லிட்டா. அதைப் போய் டாக்டர்ட்ட எப்படிச் சொல்றது? உங்க மானம் போகாதோ?"

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். கேட்டால் பொய் சொல்வேள், அதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை என்றாள். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. நான் விழுந்த நாளுக்குப் பிறகு தினமும் சாயங்காலம் வாசலுக்கே வந்து, என்னை ஒட்டி நின்று பையை வாங்கிக்கொள்வாள். இந்த வயதில் இவ்வளவு கரிசனமா என்று மனதுக்குள் பூரித்திருக்கிறேன். அவள் என் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பெல்லாம் கூசியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குத் திரும்பினேன். உள்ளே வேறு நோயாளி இருந்தார். வாசலில் நின்றபடியே, விழுந்தேன், மதுக்கடைப் பக்கத்தில், ஒரு சொட்டுக் குடிக்காமல் விழுந்தேன் என்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சீட்டை வாங்கி, முன்பு எழுதியதை அடித்துவிட்டு, உடனே அட்மிட் ஆகச் சொன்னார். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கருவி வைத்தாயிற்று. இப்போதும் அவள் வாசலுக்கு வந்து பையை வாங்குகிறாள். ஆனால் முகர்வதாக நான் நினைத்துவிடக் கூடாதென்றோ என்னவோ, ஓர் எட்டுத் தள்ளி நின்றே கையை நீட்டுகிறாள். நானே பக்கத்தில் போய், கேட்காமலே, வாயைத் திறந்து மூச்சு விடுகிறேன்.