தாளிக்காத வாரம்

அந்த வாரம் எங்கள் விடுதிச் சாப்பாட்டில் கடுகு இல்லை. சாம்பாரிலும் இல்லை, ரசத்திலும் இல்லை. முதல் நாள் மாணவிகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு விஷயம் பரவியது, யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த நோயாளி அறையில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. மூன்று மாடிகள் கொண்ட அந்தப் பெண்கள் விடுதியும் ஒரு வீடுதான் என்று சமையலக்கா தானே முடிவு செய்துவிட்டார்.

நான் அங்கே துணை வார்டன், சொந்த ஊர் ஆத்தூர். வேதிப் பொறியியல் முடித்து அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும் என்று இந்த வேலையையும் ஏற்றுக்கொண்டேன். ராசிபுரம் நாமக்கல் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காடுகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நடுவே இருந்தது விடுதி. அவசரகால ஏற்பாடுகள் என் பொறுப்பு. தீயணைப்புக் கருவிகள், படிக்கட்டுக் கதவுகள், முதலுதவிப் பெட்டி, கேஸ் வால்வுகள், மெயின் சுவிட்ச். எதை யார் எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒட்டிய பிறகு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பருவத் தொடக்கத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். "கேஸ் லீக் ஆச்சுன்னா அழுகின முட்டை நாத்தம் அடிக்குமுங்க. அடிச்சா எந்த சுவிட்சையும் போடாதீங்க, போட்டிருக்கறத அணைக்கவும் அணைக்காதீங்க" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "சார், இங்க கெழக்கால காத்து வந்தாலே அந்த நாத்தம்தானுங்க. தெனமும் வெளிய ஓடோணுமுங்களா?"

"ஓடுங்க அம்மிணி. மெஸ் சாப்பாடு செரிக்கும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மை போட்டது தெரிந்த அன்றே அந்த மாணவியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயம் செய்கிறவர்.

"ஊட்டுல பெரியவளுக்கு இது மாசமுங்க மேடம். இப்ப இவளக் கூட்டியாந்தா அவளுக்கு ஆகாது. சாமி அங்கயே இருக்கட்டும். மூணு தண்ணி ஊத்தினதும் நானே வாரேன். அதுவரைக்கும் அந்த ரூம்பு வாசப்படிய மட்டும் தாண்ட உடாதீங்க."

கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், தனியாகவே வையுங்கள் என்று எங்கள் சுகாதார மையத்து டாக்டரும் சொன்னார். காரணம் வேறு, முடிவு ஒன்று. நானும் சரி என்றேன்.

நோயாளி அறை சமையலறைக்கு அடுத்த அறை. சமையலக்கா கட்டிலை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டு, அதன் மேல் வெள்ளைத் துணியும் வேப்பிலையும் பரப்பினார். ஜன்னலைச் சாத்தி அதன் மேல் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டார். அவர் மட்டுமே உள்ளே போவார், வருவார். இரண்டாவது முறை குழம்பு கேட்டால் முறைக்கிறவர், அவளிடம் மட்டும் "என்ன வேணும் தாயி?" என்று குனிந்து கேட்டார். மாணவிகள் அந்தக் கதவைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். ஓரிரு நாளில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவும் தொடங்கினார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சாயங்காலங்களில் அந்த நடையில் இத்தனை பெண்கள் சத்தமே இல்லாமல் போய் வருவதை மாடிப்படியிலிருந்து பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

தாளிக்க மட்டும் பயன்படும் சின்ன அடுப்பு ஒன்று சமையலறையில் உண்டு. அதை அக்கா சுவரோரம், நோயாளி அறையின் சுவரை ஒட்டித் தள்ளி வைத்து, மஞ்சள் துணியால் மூடினார். தண்ணீர் ஊற்றும் வரை யாரும் தொடக் கூடாது. எல்லோரும் அதற்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள். பெருக்குகிறவர்கூடச் சுற்றிக்கொண்டு போனார். தினசரிச் சோதனையில் எல்லா அடுப்புகளின் டியூபையும் பார்ப்பார்கள், அதை மட்டும் பார்க்க மாட்டார்கள். எரியாத அடுப்பில் என்ன பார்க்க இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. துணிக்குப் பின்னால், சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் அதன் ரப்பர் டியூப் மடிந்து நசுங்கிக்கொண்டிருந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லாத நாள் அது. சாயங்காலம்தான் வரும். எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள். நான் ஆய்வகத்திலிருந்து சீக்கிரம் திரும்பியபோது விடுதி அத்தனை அமைதியாக இருந்தது. வழக்கமாக அந்தக் கட்டடத்தில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், சமையலறைப் புகைபோக்கி மின்விசிறி. அன்று எதுவும் இல்லை. கீழ் நடையில் நாற்றம் மட்டும் இருந்தது.

"என்ன இப்படி அடிக்குது?" என்று அக்காவிடம் கேட்டேன். அவர் நடைக் கடைசியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பண்ணை நாத்தமுங்க மேடம். ஆத்தூர்க்காரங்களுக்கு இன்னும் மூக்கு பழகல" என்றார் சிரிக்காமல்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன். பாதிப் படியில் நாற்றம் நின்றுவிட்டது. முதல் மாடியில் துளியும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். சோளத்தட்டு அசையவில்லை, கொடியில் கிடந்த சுடிதார்கள் அசையவில்லை. பண்ணை நாற்றம் காற்றோடு வரும், வந்தால் மாடி ஜன்னல்களில்தான் முதலில் நுழையும். மெதுவாக இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் அது கனத்தது. கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரில் கால் வைப்பது போல, முதலில் பாதம், பிறகு முழங்கால்.

கீழே அக்கா நோயாளி அறை வாசலில் நின்றிருந்தார். ஒரு கையில் அகல் விளக்கு வைத்த தட்டு, மற்றொரு கையில் தீப்பெட்டி.

"மெதுவா வாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மத்தியானத்துல இருந்து அம்மன் மூச்சு உடறா. உள்ள படுத்திருக்கற அம்மிணிதான் மொதல்ல கேட்டுது. அப்பறம் நானும் கேட்டனுங்க."

நானும் கேட்டேன். சுவருக்குள்ளிருந்து வந்தது. மெல்லிய, நீளமான மூச்சு. ஆனால் வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே இழுக்கவே இல்லை.

என் மனம் அந்த மாதிரி நேரத்தில் வரிசை போடத் தொடங்கிவிடும். முதலில் தீப்பெட்டி.

"அக்கா, தீப்பெட்டியக் குடுங்க."

"வெளக்கு வெக்கற நேரமாச்சுங்க."

"நான் வெக்கிறேன். குடுங்க."

கொடுத்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இப்ப நேரா வெளிய போங்க. செக்யூரிட்டி அண்ணாகிட்ட நம்ம பில்டிங் மெயின் சுவிட்ச இறக்கச் சொல்லுங்க, தீயணைப்புக்கும் போன் பண்ணச் சொல்லுங்க. வழியில எந்த சுவிட்சையும் தொடாதீங்க. இது கேஸ்."

"கேஸு இல்லீங்க மேடம். இது..."

"அம்மனாவே இருக்கட்டும்க்கா. கரண்ட் வந்தா அவ தலைக்கு மேல ஃபேன் சுத்தும். அதுக்குள்ள போங்க."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமா பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடி, போனும் பொறி கிளப்பலாம் என்று துணி துவைக்கும் கல்லின் மேல் அதை வைத்துவிட்டு, பின்புறத்து சிலிண்டர் கொட்டகையில் மெயின் வால்வை மூடினேன். ஆனால் ஏற்கெனவே கசிந்தது அங்கேயேதான் கிடக்கும், தரையோடு தரையாக. அவளும் தரையில்தான் கிடந்தாள். புகை என்றால் குனிந்து போக வேண்டும். இதற்கு நேர்மாறு. அந்தக் கட்டடத்திலேயே மோசமான இடம் அந்தப் பாய்.

திரும்பி ஓடினேன், நோயாளி அறைக்குள் இருட்டாக இருந்தது. ஃபேன் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. காலையில் கரண்ட் போனபோது யாரும் அணைக்கவில்லை. அணைக்கக் கை போனது. கரண்ட் அந்த நொடியிலேயே வரலாம் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"உள்ள வராதீங்க மேம். அவங்க இருக்காங்க" என்றாள். கண் பாதி திறந்திருந்தது.

"யாரு?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம். எம் பக்கத்துலயே படுத்திருக்காங்க."

"எழுந்து நடக்க முடியுமா?"

"தூக்கம் தூக்கமா வருதுங்க. வாசப்படி தாண்டக் கூடாதுன்னு அப்பா சொன்னாருங்க."

பாயின் தலைமாட்டை இரு கைகளாலும் என் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். நடக்க முடியாதவரைப் போர்வையோடு இழுக்கப் பயிற்சியில் காட்டியிருந்தார்கள். அவள் கனமாக இல்லை. வேப்பிலைகள் சரசரவென்று பின்னால் உதிர்ந்தன. வாசப்படி வந்ததும் பாய் நின்றுவிட்டது. ஏதோ மாட்டிக்கொண்டது என்று இன்னும் பலமாக இழுத்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் அவள் கை தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்திருந்தாள். கண் மூடியிருந்தது, பிடி மட்டும் விழித்திருந்தது.

"விடு."

"ஆகாதுங்க மேம்."

வாதம் செய்ய நேரமில்லை. பாயைக் கீழே வைத்தேன். ஒரு வாரமாக யாரும் நேராகத் தொடாத அந்த விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கொதித்தன. கடைசி விரலை எடுத்ததும் அவள் எதிர்க்கவில்லை. நடை, பக்கவாட்டுக் கதவு, சிமெண்ட் தளம், அதற்கப்பால் மண். துவைக்கும் கல்லைத் தாண்டி மைதானத்து ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனேன்.

நிமிர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. எதிரே நூலகத்தில், ஆண்கள் விடுதியில், உணவகத்தில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. எங்கேயோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. எங்கள் கட்டடம் மட்டும் கறுப்பாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது ஒரு ஜன்னல் எரிந்துவிடுமோ என்று. எரியவில்லை.

அக்காவும் செக்யூரிட்டியும் வந்தார்கள். "மெயின் கைப்பிடிய இப்பதானுங்க எறக்குனேன்" என்றார் செக்யூரிட்டி. அக்கா கிட்டே வரவில்லை. தூரத்திலேயே நின்று, "தாண்டிட்டாளுங்களா?" என்று கேட்டார்.

"தாண்டியாச்சு."

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவளை எழுப்பிக் குடிக்க வைத்தேன். பெயர், ஊர், இன்று என்ன கிழமை எல்லாம் கேட்டேன். சரியாகச் சொன்னாள். நாடி ஒழுங்காக இருந்தது. டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வருவதற்குள் திரும்பத் தூங்கியிருந்தாள்.

கல்லின் மேல் என் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு அவள் அருகே வந்த பிறகுதான் பேசினேன். அவளுடைய அப்பா.

"மேடம், அங்க கரண்ட் வந்துருச்சுங்களா? புள்ள புழுக்கத்துல கெடக்குமேன்னு கேட்டனுங்க."

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாக, வரிசையாக.

"வாசப்படி தாண்டிருச்சுங்களா?" என்றார்.

"தாண்டிட்டாங்க. நான்தான் இழுத்துட்டு வந்தேன். கையப் பிடிச்சேன்."

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. யாரோ ஏதோ கேட்க, "பொட்டாட்ட இரு, பேசாத" என்று அவர் அதட்டினார்.

"புள்ள பேசுமுங்களா?"

"இப்பதான் தூங்கறாங்க. எழுப்பட்டுமா?"

"வேண்டாமுங்க. போன அவ மூக்குகிட்ட வெய்யுங்க."

மண்டியிட்டு, அம்மைக் கொப்புளங்கள் நிறைந்த அந்த முகத்தருகே போனைப் பிடித்தேன். தூரத்தில் வாசல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது, செக்யூரிட்டி அந்தப் பக்கம் ஓடினார்.

"கேக்குதுங்க" என்றார் அவள் அப்பா. "இன்னுங் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க சாமி."