பனலுக்கடியில் மண்மூட்டை

உச்சி வெயில். கண்ணைத் திறக்கவிடாத கச்சான் காற்று. சோலார் மீற்றரில் இலக்கம் ஏறவேண்டிய நேரம் அது. ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். இன்னும் இறங்கியது. சூடு கூடினால் சோலார் பனல் கொஞ்சம் சோரும் என்று படித்திருக்கிறேன். விடிகாலை வெயிலுக்குத் தந்ததைக்கூட உச்சியில் தராத பனலை அன்றுதான் பார்த்தேன்.

மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் மின்கம்பம் வரவில்லை. கூரையில் இரண்டு பனல், குசினி மூலையில் ஒரு பற்றரி, அவ்வளவுதான் எங்கள் மின்சாரம். "இருபத்தைந்து வருஷம் அசையாது" என்று கடைக்காரர் ஒருமுறை சொன்னதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதை நம்பித்தான் அம்மா குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வைத்து, ஊர்க்கோழிக் குஞ்சு விற்கத் தொடங்கினார். வீடு அதில்தான் ஓடுகிறது. அன்றைக்குப் பெட்டி நிறைய முட்டை, நாளைக்குப் பொரிக்க வேண்டியவை. காதை வைத்தால் உள்ளே கொத்துகிற சத்தம்கூடக் கேட்டது. பெட்டி ஆறிப்போனால் அத்தனையும் போய்விடும். சூடு குறைகிறதென்று பெட்டியின் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

"தம்பி, பெட்டி ஏன் கத்துது?"

"பனல் வேலை செய்யேல்லை அம்மா."

"வெயில் இப்பிடி எரிக்குது. உன்ரை பனலுக்கு இன்னும் காணாதாமோ?"

ஏணியை வைத்து ஏறினேன். தகரம் செருப்பைத் தாண்டிச் சுட்டது.

பனலுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்றோட ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் பூட்டியிருந்தோம். அந்த இடைவெளியே இல்லை. யூரியாப் பைகளில் மண்ணை நிரப்பி, நாலு பக்கமும், செங்கல் கட்டுவதுபோல மூட்டு மாற்றி, எறும்பு போக வழியில்லாமல் அடைத்திருந்தது.

"அம்மா! இதார் வைச்சது?"

"நானும் பக்கத்து வளவு மாமாவும்தான். நீ வவுனியாக் கம்பஸிலை படிச்சுக்கொண்டிருக்கேக்கை. மாமாவின்ரை தகரம் பறந்துபோய் வயலுக்கை கிடந்தது தெரியாதோ? காத்து அடியாலை பூந்தால் உன்ரை பனலும் பறந்திடும். நான் விடுவனோ?"

சண்டைக் காலத்தில் பங்கருக்கு மூட்டை அடுக்கிய கைகள். இடைவெளி விட அவை பழகவில்லை.

ஒரு மூட்டையை இழுத்தேன். பாண் சுடும் போறணைக் கதவைத் திறந்ததுபோல் முகத்தில் அனல் அடித்தது. குனிந்து பார்த்தேன். ஒரு பனலின் வெள்ளையாக இருந்த பின்பக்கம் பழுப்பாகி, பொரித்த அப்பளம்போலக் கொப்புளித்திருந்தது. வயர் சேரும் கறுப்புப் பெட்டி உருகிச் சரிந்திருந்தது. வயரைத் தொட்டேன், தோல் தூளாகக் கையோடு வந்தது. பனலைப் பிடித்திருந்த ஆணிகளில் துரு. மாரி முழுக்க மூட்டைகள் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கின்றன. கோடை வந்ததும் அதே மூட்டைகள் சூட்டைப் பிடித்துக்கொண்டன. இருபத்தைந்து வருஷமாம். பூட்டி மூன்று வருஷம்கூட ஆகவில்லை!

கீழே வேலியோரம் மாமா. "என்னடாப்பா, கம்பஸ் இப்ப கூரையிலையோ நடக்குது?"

"மாமா, பனல் அவிஞ்சு போச்சு."

"வெயிலிலை ஓடுற சாமான் வெயிலிலை அவியுமோ? மீன் தண்ணியிலை தாண்டு செத்தது எண்ட மாதிரிக் கிடக்கு உன்ரை கதை!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்ட பனலின் வயரைக் கழற்றிவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே எறியத் தொடங்கினேன். அடியில் காற்றுப் புகுந்ததும் மற்றப் பனல் கொஞ்சம் உயிர் காட்டியது. பெட்டிக்கு அது போதாது, பற்றரியும் இறங்கிவிட்டிருந்தது. பொழுது பட்டால் அதுவும் இல்லை.

கீழே அம்மா ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அதில் கன்னத்தை வைத்தார்.

"தம்பி, இது நல்ல சூடு. ஆறவிடாதை, கெதியா எல்லாத்தையும் போடு."

பனலைத் தின்ற மூட்டைகள் குசினிக்குள் போயின. பெட்டியைச் சுற்றி அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடினார். பின்னேரமும் இரவு முழுக்கவும், ஆறியதை அடுப்பங்கரையில் வைத்துச் சூடாக்கி மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த அடுக்கிலும் இடைவெளி இல்லை.

விடிய சாக்கை நீக்கினோம். சில முட்டைகள் அசையவே இல்லை. மிச்சமெல்லாம் ஈரமும் சத்தமுமாகக் குஞ்சுகள். அம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று எழும்பியது. மூட்டையில்லாத கூரையில், மிஞ்சியிருந்த ஒரே பனல் தடதடத்தது.

"சரி, சூட்டுக்கு மூட்டையை எடுத்துப்போட்டாய்," என்றார் அம்மா, குஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "காத்துக்கு என்ன செய்யப்போறாய்?"

கம்பிச் சுருளை எடுக்க எழும்பினேன். கம்பியை எதில் கட்டுவது? அந்தத் துருப்பிடித்த ஆணிகளில்தான். இழுத்தால் அவையே கழன்று வரும். மேலே பனல் மறுபடியும் தடதடத்தது.