அடைப்புக்குறிக்குள் செபநாயகம்

குருநகரில் செபநாயகத்தைத் தெரியாது என்று சொல்பவன் வெளியூர்க்காரன். "ஐஸ் பக்டறி செபநாயகம்" என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வழி காட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பதினாலு வயதில் தென்கரை மீனவர் சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலைக்குப் பாளம் சுமக்கப் போனார். மெசினை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது ஓடும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று பிடித்தார். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் இரண்டு நாள் கழற்றிப் பார்த்துக் கைவிட்ட கொம்பிரசரை அரை நாளில் ஓடவைத்த ஆள் அவர். சும்மா புளுகவில்லை, ஊரே கூடி நின்று பார்த்தது.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்தபோது சனம் சட்டி பானையைத் தூக்கியது. செபநாயகம் மெசினின் வால்வுகளைக் கழற்றிச் சாக்கில் கட்டிச் சாவகச்சேரி வரைக்கும் தோளில் சுமந்தார். மூன்று வயதுப் பிள்ளையைச் சுமந்தது மனைவி மக்டலீன்.

அந்தப் பெருமையில்தான் அவர் ஒரு பிழையும் விட்டார். சங்கம் வேலையாட்களை நிரந்தரமாக்கப் படிவம் கொடுத்தது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டது. இல்லாதவர்கள் தலைவரிடம் போய்த் தலையைச் சொறிந்து விதிவிலக்குக் கடிதம் வாங்கினார்கள். கூட வேலை செய்த சிமியோனும் வாங்கினார். செபநாயகம் போகவில்லை.

"நான்தான்ரா சங்கம். எனக்கு ஆர் கடிதம் தாறது?" என்றார் சிமியோனிடம்.

ஐம்பத்திரண்டு வருசம் நாட்கூலியாகவே கையெழுத்து வைத்தார். பிறகு வந்த புது நிர்வாகம் புது மெசின் பூட்டி, "நாளையிலிருந்து வரத் தேவையில்லை" என்றது. அவர் ஊருக்கு அதை "ஓய்வு பெற்றிட்டன்" என்றுதான் சொன்னார்.

இரண்டு வருசம் கழித்து மக்டலீன் செத்துப்போனாள்.

எங்கள் ஊர் மரண அறிவித்தலில் வெறும் பெயர் நிற்காது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி, அதற்குள் உத்தியோகம், அல்லது போயிருக்கிற வெளிநாடு. அச்சகத்தில் நிவேதனா என்ற பிள்ளை தட்டச்சு செய்துகொண்டிருந்தது. மகள் ஜெசிதாவுக்கு ஆசிரியை, மருமகன் கொலின்ஸுக்குத் தபாலதிபர், செத்தவளின் தம்பிக்குப் பிரான்ஸ் என்று போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தது.

"ஐயா, உங்களுக்கு என்ன போட?"

"பிரதம இயந்திரப் பொறுப்பாளர், ஐஸ் தொழிற்சாலை, தென்கரை மீனவர் சங்கம். முழுசாப் போடு பிள்ளை. சுருக்காதை."

"அது ரண்டு வரி வருமே ஐயா. அம்மாவின்ரை படத்தைச் சின்னனாக்கவேணும்."

"ஆக்கு."

ஜெசிதா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இது அம்மாவின்ரை நோட்டீஸ்."

"ஓம், ஆற்றை மனிசி எண்டு சனத்துக்குத் தெரியவேண்டாமோ?"

அன்று பின்னேரமே முப்பது சந்திகளில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

அடக்கத்தன்று காலை சங்கத்தின் புது முகாமையாளர் அருட்செல்வன் வந்தான். மலர்வளையம் இல்லை. பிரேதத்தைக் கும்பிட்டுவிட்டுச் செபநாயகத்தைப் பந்தலின் ஓரத்துக்குக் கூப்பிட்டான்.

"ஐயா, குறை நினைக்காதையுங்கோ. நோட்டீசிலை எங்கடை சங்கத்தின்ரை பேர் கிடக்கு. எங்கடை நிரந்தர ஆக்களின்ரை பதிவிலை உங்கடை பேர் இல்லை. பிரதம பொறுப்பாளர் எண்டொரு பதவியும் இல்லை. இதைக் காட்டி நாளைக்கு இன்னும் நாலு நாட்கூலி ஆக்கள் தொழில் திணைக்களத்துக்குப் போவினம். சங்கத்துக்குத்தான் கரைச்சல். எடுத்துவிட்டியளெண்டால் நல்லது."

கொலின்ஸ் பாய்ந்து வந்தார். "செத்த வீட்டிலை வந்து கதைக்கிற கதையே இது? ஒண்டும் எடுக்கேலாது, நீர் நடவும்!"

செபநாயகம் கையைக் காட்டி மருமகனை நிறுத்தினார். ஆத்திரப்படுவார், தூக்கி எறிவார் என்று பார்த்து நின்ற சனத்துக்கு அவர் பதில் விளங்கவில்லை.

"சங்கம் சொன்னால் செய்யத்தான் வேணும் தம்பி. அதுக்கொரு கெட்ட பேர் என்னாலை வரக்கூடாது."

வெள்ளைத் தாளைக் கீலம் கீலமாகத் தானே வெட்டினார். கோதுமைமாவைக் காய்ச்சி, பசை வாளியைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டார். மற்றவர்கள் ஒட்டித் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். விடவில்லை. அந்த வேலையையும் அவர்தான் திறமாகச் செய்தார். ஒரு எழுத்தும் வெளியே தெரியவில்லை, ஒரு சுருக்கமும் விழவில்லை. செபநாயகம் என்ற பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வரி வெள்ளை.

ஐஸ் தொழிற்சாலை மதிலுக்கு வந்தபோது சிமியோன் வாசலில் நின்றார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? எத்தினை மணிக்கு அடக்கம்?"

"மூண்டுக்கு. நீ உள்ளை போ, வேலை நேரத்திலை வாசலிலை நிண்டு கதைக்காதை."

சிமியோன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். உள்ளே மெசின் ஓடியது. செபநாயகம் காது கொடுத்தார். புது மெசின், அதன் சத்தம் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்குக் கொலின்ஸ் மோட்டார் சைக்கிளில் தேடி வந்தார்.

"மாமா, சுவாமியார் வந்திட்டார். பெட்டி மூடப்போகினம். மாமியின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கவேண்டாமே? ஏறுங்கோ!"

"இன்னும் ரண்டு சந்தி கிடக்கு."

"மாமா!"

"நீ போ. சங்கத்தின்ரை வேலையை அரைகுறையா விட்டிட்டு வீட்டை போன பழக்கம் எனக்கில்லை."

அவர் சைக்கிளை உழக்கினார். கொலின்ஸ் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார், கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு கூப்பிடவும் இல்லை. கடைசி நோட்டீசின் கடைசி மூலையையும் செபநாயகம் பெருவிரலால் அழுத்தித் தேய்த்து முடிய, கோவிலில் அடக்கத்துக்கான மணி அடித்தது. அப்போதுதான் நோட்டீசின் மேலே நிமிர்ந்து பார்த்தார். மக்டலீனின் படம் முத்திரை அளவில் இருந்தது. பார்வை மங்கிய மனிதர், கிட்டப்போய் முகத்தை வைத்துப் பார்த்தும் அவளை அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை.